டப்பா அடிக்காத வெள்ளிக்கிழமை

கிட்ட வந்து உட்காருங்கள் மக்களே. வாசலில் நிற்கிறவர்களும் உள்ளே வாருங்கள், இடம் இருக்கிறது. காலை நீட்டிக்கொள்கிறவர்கள் நீட்டிக்கொள்ளலாம். இன்றைக்கு ராஜா கதை இல்லை, பேய்க் கதையும் இல்லை. ஒரு பந்துக் கதை சொல்லப்போகிறேன். ஜெயிக்க ஆசைப்பட்டவர்களைப் பற்றி நிறையக் கேட்டிருப்பீர்கள். இது தோற்க ஆசைப்பட்டவர்களின் கதை. கேட்டு முடித்ததும் யாரையாவது திட்ட வேண்டும்போல இருந்தால் மெதுவாகத் திட்டுங்கள். அவன் தன்னைத்தானே போதுமான அளவு திட்டிக்கொண்டவன்.

துபாயில் சோனாப்பூர் என்று ஓர் இடம். கட்டட வேலைக்கு வந்த ஆட்கள் தங்குகிற கேம்ப்புகள் அங்கே வரிசை வரிசையாக நிற்கும். விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ்கள் வந்து ஆட்களை அள்ளிக்கொண்டு சைட்டுக்குப் போகும். பொழுது சாய்ந்தபின் சிமெண்டும் வியர்வையுமாகத் திரும்பக் கொண்டுவந்து இறக்கிவிடும். இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் அது. எந்தப் பக்கம் திரும்பினாலும் கிரேன் தெரிந்த காலம்.

ஆறு நாளும் கட்டடத்துக்கு. வெள்ளிக்கிழமை ஒன்றுதான் தனக்கு. குளிர் மாதங்கள் வந்துவிட்டால் அந்த ஒரு நாளும் பந்துக்குப் போய்விடும். கேம்ப்புக்குப் பின்னால் இருந்த மணல் தரையில் சுண்ணாம்பால் கோடு கிழித்து, சாரம் கட்டும் இரும்புக் குழாயில் கோல் கம்பம் நட்டு, பிளாக்குக்கு ஒரு டீமாக ஆறு டீம் ஆடினார்கள். எல்லாம் தமிழ் ஆட்கள்; மற்ற பிளாக்குகளில் டீம் இல்லை. கிரேன் ஓட்டுகிற நாகூர்க்காரர் கௌஸ் முகம்மதுதான் ரெஃபரி. விசில் அவருடையது, சட்டமும் அவருடையது.

அவர் போட்ட சட்டத்தில் ஒன்றை மட்டும் நீங்கள் நன்றாக மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். முன்பு ஒரு வருஷம் நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாரும் ஒரே பிளாக்கில் சேர்ந்துகொண்டு மற்றவர்களைத் துவைத்து எடுத்துவிட்டார்கள். அடுத்த வருஷம் மற்ற பிளாக்குகளிலிருந்து ஆடவே ஆள் வரவில்லை. அதிலிருந்து கௌஸ் முகம்மது ஒரு வழக்கம் கொண்டுவந்தார். ஊரிலிருந்து புதிதாக வருகிறவன் அந்த சீசனில் ஆடக்கூடாது. சீசன் முடிந்த அடுத்த வெள்ளிக்கிழமை புதுசாக வந்தவர்களையெல்லாம் கோட்டில் நிற்கவைப்பார்கள். கடைசி இடத்துக்கு வந்த டீமின் கேப்டன் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு போய், தனக்கு வேண்டியவன் காலடியில் வைக்க வேண்டும். வைத்தால் அவன் அந்த பிளாக்குக்கு. அதன் பிறகுதான் அதற்கு மேலே இருக்கிற டீம். இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'முதல் கை'. தோற்றவனுக்கு ஓர் ஆறுதலாக இருக்கட்டும் என்று அவர் நல்ல மனசோடுதான் செய்தார்.

இப்போது நம் ஆளிடம் வருவோம். பெயர் இஸ்ரவேல். கன்னியாகுமரிக் கடற்கரைக்காரன். அந்தக் கரையில் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே பந்தையும் உதைத்துப் பழகும். இஸ்ரவேலும் ஒரு காலத்தில் நன்றாக ஆடியவன்தான். மூட்டு போனபின் ஆட்டம் போயிற்று, பைத்தியம் மட்டும் போகவில்லை. ஏழாம் பிளாக் எங்கே ஆடினாலும் தங்கள் டீமின் கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒரு காலி பெயிண்ட் டப்பாவோடு நிற்பான். விசில் ஊதினதிலிருந்து அடித்துக்கொண்டே இருப்பான். காது கிழியும். எல்லாரும் அதைக் கொண்டாட்டம் என்று நினைத்தார்கள்.

கொண்டாட்டம் பாதிதான். மீதிப் பாதி, ஏழாம் பிளாக் கோலியும் கேப்டனுமான பாண்டித்துரைக்கும் இஸ்ரவேலுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம்.

பாண்டித்துரை முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரன். சின்ன வயசில் கில்லி ஆடும்போது கட்டை தெறித்து இடது கண்ணில் பட்டது. பார்க்க இரண்டு கண்ணும் ஒன்றுபோலத்தான் இருக்கும். இடது கண்ணில் ஒன்றும் தெரியாது. சைட்டில் அவனும் இஸ்ரவேலும் ஜோடி. துரை சாரத்தின் மேலே ஏறிக் குழாய் பூட்டுவான், இஸ்ரவேல் கீழ்த் தட்டிலிருந்து எடுத்துக் கொடுப்பான். உயரத்தில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு தடவை கம்பெனி கிளினிக்கில் கண் சோதனை வைத்தார்கள். சுவரில் இங்கிலீஷ் ஈ எழுத்தைப் பல பக்கம் திருப்பிக் காட்டி, அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கேட்பார்கள். வலது கண்ணை மூடச் சொன்னதும் துரைக்குச் சுவரே தெரியவில்லை. பின்னால் வரிசையில் நின்ற இஸ்ரவேல் ஹெல்மெட்டை விரலால் தட்டினான். வலம் என்றால் ஒன்று, இடம் என்றால் இரண்டு. துரை பிடித்துக்கொண்டான். பாஸ்.

செய்தது சரியில்லை என்று இருவருக்கும் தெரியும். ஆனால் கண் இல்லை என்று தெரிந்தால் விசாவை கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். ஊரில் துரையின் மனைவி நாகவள்ளியும் பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகளும் இந்தச் சாரத்தை நம்பித்தான் இருந்தார்கள். அதற்குப் பிறகு சைட்டிலும் அந்தத் தட்டு தொடர்ந்தது. இடது பக்கம் குழாய் வருகிறதென்றால் இஸ்ரவேல் ஸ்பேனரால் சாரத்தில் இரண்டு தட்டு தட்டுவான். மைதானத்திலும் அதுவே. இடது பக்கத்திலிருந்து பந்து வந்தால், மற்ற சத்தத்துக்கு நடுவே டப்பாவில் ஓங்கி இரண்டு அடி. துரை திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். அடி விழும் முன்பே பாய்ந்துவிட்டானோ என்றிருக்கும். இஸ்ரவேலின் கை அவனுக்கு இடது கண்.

அந்த வருஷம் சீசன் பாதியில் டெனிஷ் வந்து இறங்கினான். இஸ்ரவேலுக்குப் பக்கத்து ஊர், இருபத்திரண்டு வயசு, பிளம்பிங் வேலைக்கு வந்தவன். பஸ்ஸுக்கு நின்ற நேரத்தில் யாரோ ஒரு பழைய பந்தை உருட்டிவிட, சேஃப்டி ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலால் அதை வாங்கி, தோளுக்கு ஏற்றி, நெற்றியில் நிறுத்தி, முதுகு வழியாக இறக்கி, மறுபடி காலுக்குக் கொண்டுவந்தான். அன்றைக்கு பஸ் லேட்டாகப் புறப்பட்டது. டிரைவரும் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டான்.

ஏழாம் பிளாக்கோ அந்த வருஷம் ஐந்தாம் இடத்தில் கிடந்தது. நான்காம் பிளாக் ஆறாவது. கடைசி ஆட்டம் இந்த இரண்டு பேருக்கும் நடுவில். ஜெயித்தாலும் டிரா ஆனாலும் ஏழாம் பிளாக் ஐந்தாவது. தோற்றால்தான் கடைசி. கடைசி என்றால் முதல் கை. முதல் கை என்றால் டெனிஷ்.

ஆட்டம் நடக்கிற வெள்ளிக்கிழமை காலை மெஸ்ஸில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது பேச்சு கிளம்பியது. சமையல் பார்க்கும் செய்கு முகம்மதுதான் முதலில் வாயைத் திறந்தார். காயல்பட்டினத்துக்காரர். பந்தை ஒருநாளும் காலால் தொட்டதில்லை. பேச்சில் மட்டும் கோல் போடுவார்.

"ஓய் இஸ்ரவேலு, இன்னைக்கு ஜெயிச்சு நீரு என்ன செய்யப் போறீரு? அஞ்சாவதா வந்தவனுக்கு மாலையா போடப் போறாங்க?"

"அதத்தான் பாய் நானும் ரெண்டு நாளா நெனைக்கேன்," என்றான் இஸ்ரவேல். "தோத்தா ஒரு நாளு மானக்கேடு. டெனிஷ் வந்தா அடுத்த சீசன் பூரா நம்ம கையில. எங்க கரையில அவன் ஆட்டத்தப் பாக்க மதில்ல ஏறி நிப்பாவ, கேட்டியளா."

மேஸ்திரி சோலைமுத்து கத்தியைக் கீழே வைத்தான். சிவகங்கைக்காரன். எதையும் நறுக்கென்று சொல்லிவிடுவான். "அட போங்கண்ணே. தோக்குறதுக்கு எதுக்கு மைதானத்துக்குப் போகணும்? ரூம்லயே படுத்துத் தூங்கலாம்ல."

"தூங்கினா வாக் ஓவர் வோய். அதுவும் தோல்விதான்," என்றார் செய்கு பாய். "நல்ல யோசனைதான்."

"ஏன் பாய், நாலாம் பிளாக்குக்காரனும் இப்படியே நெனச்சா? அவனும் தோக்கப் பாப்பான், நாமளும் தோக்கப் பாப்போம். பந்து நடுவுல கெடந்து அழுவும். கௌஸ் அண்ணன் விசில முழுங்கிட்டு ஓடிருவாரு."

மெஸ் முழுக்கச் சிரித்தது. இஸ்ரவேலும் சிரித்தான். சிரித்துக்கொண்டே, "மக்கா, வெளையாட்டுக்கில்ல. ஒரு கணக்குதானே. ஒரு அடி பின்னால போயி ரெண்டு அடி முன்னால பாயறது," என்றான்.

"கணக்கு இல்லண்ணே. ஏமாத்து. பசங்க பன்னண்டு மணி நேரம் டூட்டி பாத்துட்டு வந்து ஆடுறானுங்க. அவனுங்ககிட்டப் போயி தோத்துட்டு வாங்கடான்னு எவன் சொல்றது? நீங்க சொல்லுவீங்களா?"

"நம்ம எல்லாருக்கும் நல்லதுக்குத்தானே சோல."

"நல்லதுன்னா கேப்டன்கிட்டயே கேட்ருவோம். இந்தா வர்றாருல்ல."

பாண்டித்துரை தண்ணீர் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தான். பாதிப் பேச்சைக் கேட்டுவிட்டிருந்தான். கேனை இறக்கிவைத்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, மெதுவாகச் சிரித்தான்.

"தோக்கலாம்ணே. கஷ்டமில்ல. ஆனா அந்தப் பந்தக் கொண்டுபோயி டெனிஷ் காலடியில நான்தான வைக்கணும்? எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வைக்கிறது? அது புது மூஞ்சி. நேராப் பாக்கும்."

அவ்வளவுதான். பேச்சு முடிந்தது. சோலைமுத்து வெங்காயத்துக்குத் திரும்பினான். செய்கு பாய், "கேப்டன் சொன்னா கலாஸ், முடிஞ்சுது," என்று கரண்டியை எடுத்தார். எல்லாரும் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள். இஸ்ரவேலும் போனதுபோலத்தான் இருந்தான். ஆனால் அவன் மட்டும் போகவில்லை, பாருங்கள். ஏனென்றால் அந்த மெஸ்ஸில் இருந்தவர்களில், யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் ஆட்டத்தைத் தோற்கவைக்க அவன் ஒருவனால்தான் முடியும்.

முன்கூட்டியே முடிவெடுத்துத்தான் போனானா என்று கேட்காதீர்கள். அவனுக்கே தெரியாது. ஆட்டம் தொடங்கியபோது டப்பா வழக்கம்போலத்தான் அதிர்ந்தது. இடது பக்கம் வந்த ஒரு பந்துக்கு இரண்டு அடி ஓங்கி விழுந்தது. துரை பாய்ந்து பிடித்தான். ஆளுக்கு ஒரு கோல் ஆயிற்று. கோட்டுக்கு அந்தப் பக்கம் டெனிஷ் குத்தவைத்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். இஸ்ரவேலின் கண் பந்துக்கும் டெனிஷுக்கும் மாறி மாறிப் போயிற்று.

கடைசிக் கட்டத்தில் நான்காம் பிளாக்கின் விங்கர் துரையின் இடது பக்க ஓரமாகப் பந்தைத் தள்ளிக்கொண்டு வந்தான். இஸ்ரவேல் முழுசாகப் பார்த்தான். துரை வலது பக்கம் தலையைச் சாய்த்துக் காத்து நிற்பதையும் பார்த்தான். எதற்குக் காத்து நிற்கிறான் என்று உலகத்திலேயே அவனுக்கு மட்டும்தான் தெரியும். டப்பாவில் கை லேசாகத் தட்டிக்கொண்டேதான் இருந்தது. ஓங்கி விழ வேண்டிய இரண்டு அடி மட்டும் விழவில்லை.

பந்து துரையின் இடது காலுக்குப் பக்கத்தில் உருண்டு உள்ளே போயிற்று. அவன் அசையவே இல்லை.

நான்காம் பிளாக் குதித்தது. துரை பின்னால் திரும்பி இஸ்ரவேலைப் பார்ப்பான் என்று இஸ்ரவேல் பயந்து தலையைக் குனிந்துகொண்டான். துரை திரும்பவில்லை. தலையைச் சாய்த்து, குளத்தில் குளித்துக் கரையேறியவன்போல, உள்ளங்கையால் காதைத் தட்டிக்கொண்டான். ஒரு தடவை. மறுபடி ஒரு தடவை.

விசில் ஊதியபின் துரை வந்தான். முகம் மணல் நிறத்தில் இருந்தது.

"அண்ணே, எனக்குக் கேக்கலண்ணே. நீங்க அடிச்சீங்களா?"

இந்த இடத்தில்தான் மக்களே, கதை வேறு பக்கம் போயிருக்க வேண்டும். இல்லை தம்பி, கை தவறிவிட்டது என்று ஒரு அரைப் பொய் சொல்லியிருந்தால்கூடப் போதும். இஸ்ரவேல் முழுப் பொய்யைச் சொன்னான்.

"அடிச்சேன் துர."

"அடிச்சீங்களா?"

"அடிச்சேன்டே. சத்தத்துல ஒனக்குக் கேட்டிருக்காது. விடு."

துரை தலையை ஆட்டினான். பிளாக்குக்கு நடக்கும்போது எதிர்ப்பட்டவனிடமெல்லாம், என்னால்தான் போச்சு, மன்னிச்சுக்கங்க என்று சொல்லிக்கொண்டே போனான். யாரும் கோபப்படவில்லை. டெனிஷ் கிடைக்கிற சந்தோஷத்தில், "விடுங்க கேப்டன், எல்லாம் நல்லதுக்குத்தான்" என்று முதுகில் தட்டினார்கள். செய்கு பாய் சோற்றுக்கு மேல் கூடுதலாக ஒரு கறித்துண்டு வைத்தார். அந்தக் கறித்துண்டை துரை தொடவில்லை. இஸ்ரவேலுக்கும் இறங்கவில்லை.

சனிக்கிழமை சைட்டில் துரை வேறு ஆளாக இருந்தான். ஒவ்வொரு குழாய்க்கும், "தட்டுனீங்களாண்ணே?" என்று கீழே பார்த்துக் கேட்டான். தட்டாதபோதும் கேட்டான். தட்டியபோதும் ஒரு நிமிஷம் நின்று, கேட்டது உண்மைதானா என்று யோசித்துவிட்டுத்தான் கையை நீட்டினான். பெல்ட் கொக்கியைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்துக்கொண்டான். கீழே நின்ற இஸ்ரவேலுக்கு ஸ்பேனர் கையில் வழுக்கியது.

டீ நேரத்தில் துரையைக் காணோம். ஃபோர்மேன் கலீல் ரஹ்மானின் கேபினிலிருந்து வெளியே வந்தான். பெஷாவர்க்காரர் அந்த ஃபோர்மேன், குரல்தான் பெரிசு. துரை வந்து இஸ்ரவேலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"சொல்லிட்டேண்ணே."

"என்னத்த?"

"இடது கண்ணு தெரியாதுன்னு. காதும் சரியில்லன்னு."

இஸ்ரவேல் டீ கிளாஸைக் கீழே வைத்தான். "ஏம்லே... ஏன் துர அப்படிச் சொன்ன?"

"ஒத்தக் கண்ணோட ஏறுனது தப்புதாண்ணே. காது இருக்கு, அண்ணன் தட்டுவாருங்கற தைரியத்துலதான் ஏறுனேன். இப்ப நீங்க ஓங்கி அடிச்சே எனக்குக் கேக்கல. நாளைக்கு மேல நிக்கும்போது கேக்காமப் போயி, நான் விட்ட குழாய் கீழ நிக்கிற ஒங்க தலையில விழுந்தா? ஒங்க வீட்ல தேவகனி அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

தன் தலைக்காகத்தான் அவன் போய்ச் சொல்லியிருக்கிறான் என்று கேட்டபோது இஸ்ரவேலுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. அங்கேயே, அந்த டீ கிளாஸுக்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. வந்தது திரும்ப உள்ளே போயிற்று.

"ஃபோர்மேன் பாய் என்ன சொன்னாரு?" என்றுதான் கேட்டான்.

"வர்ற வாரம் கிளினிக். அதுவரைக்கும் 'நீச்சே பைட்டோ'ன்னுட்டாரு, கீழயே இருக்கணுமாம். காதும் போச்சுன்னு எழுதுனா ஊருக்கு டிக்கட் போட்ருவாங்க போல. நாகவள்ளிக்கு இன்னும் சொல்லல."

அந்த வாரம் முழுக்க துரை கீழே சாமான் அடுக்கிவைக்கிற யார்டில் உட்கார்ந்து குழாய்ப் பூட்டுகளுக்குக் கிரீஸ் தடவினான். மேலே வேறு ஒருவன் ஏறினான். அவனுக்கு இரண்டு கண்ணும் நன்றாகத் தெரியும், எந்தத் தட்டும் தேவையில்லை. இஸ்ரவேலின் கை மட்டும் பழக்கத்தில் ஸ்பேனரைத் தூக்கும், பிறகு இறங்கும். டெனிஷ் எதிர்ப்படும்போதெல்லாம், "அண்ணா, நான் ஒங்க பிளாக்குக்குத்தான? பத்தாம் நம்பர் சட்ட எடுத்து வைக்கச் சொல்லுங்க, என்னா," என்று சிரிப்பான். அந்தச் சிரிப்பைப் பார்க்கவே முடியவில்லை. துரை சொன்னது சரிதான். அது நேராகப் பார்க்கிற முகம்.

மறு வெள்ளி வந்தது. காலையில் இஸ்ரவேல் சர்ச்சில் பூசைக்குப் போனான். அங்கே ஞாயிற்றுக்கிழமை டூட்டி, பூசை வெள்ளிக்கிழமைதான். செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றான். முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போய் லேசான முகத்தோடு வெளியே வந்தார்கள். தன் முறை நெருங்கியதும் வரிசையை விட்டு விலகிவிட்டான். உள்ளே இருப்பவர் மன்னித்துவிடுவார், அதுதான் பயமாக இருந்தது. இதைக் கேட்க வேண்டியவன் அந்த நேரத்தில் கேம்ப் வராந்தாவில் உட்கார்ந்து காதில் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். நற்கருணைக்கும் எழாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்தான்.

சாயங்காலம் மைதானத்தில் கூட்டம். புதிதாக வந்தவர்கள் கோட்டில் நின்றார்கள். டெனிஷ் தலையைப் படிய வாரி நடுவில் நின்றான். கௌஸ் முகம்மது விசிலை ஊதி, "கடைசியா வந்த ஏழாம் பிளாக், முதல் கை," என்று பந்தை துரையிடம் கொடுத்தார்.

துரை பந்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்தான். அவன் போவதைப் பார்த்து ஏழாம் பிளாக் கைதட்டியது. பூசைத் தட்டைக் கொண்டுபோவதுபோலப் பதமாக நடந்தான். டெனிஷின் காலடிக்கு வந்து குனிந்தான்.

"துர, வைக்காத."

யார் பேசியது என்று எல்லாரும் திரும்பினார்கள். இஸ்ரவேல் கோட்டைத் தாண்டி உள்ளே வந்து நின்றான்.

"பந்த வைக்காத துர. அன்னைக்கு நான் அடிக்கல."

கூட்டத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அடிக்கலயா? அன்னைக்கு ராத்திரி பூரா என் காதுல டண்டணக்குன்னு கேட்டுச்சே," என்றான் சோலைமுத்து. நாலு பேர் சிரித்தார்கள். "ஓய், வெயில்ல நின்னீரா?" என்றார் செய்கு பாய்.

துரை மட்டும் சிரிக்கவில்லை. குனிந்த நிலையிலேயே நின்றான். பிறகு நிமிர்ந்து, வலது கண் நன்றாகத் தெரியும்படி முகத்தைத் திருப்பி, இஸ்ரவேலைப் பார்த்தான். அவ்வளவு நேரம் யாரும் யாரையும் பார்த்து இஸ்ரவேல் கண்டதில்லை. தன்னையும் அறியாமல் துரையின் ஒரு கை காதுக்குப் போயிற்று. போய், அங்கே கொஞ்ச நேரம் இருந்து, இறங்கியது.

அவன் திட்டவில்லை. பந்தை எடுத்துக்கொண்டு நேரே நான்காம் பிளாக் கேப்டனிடம் நடந்து, அவன் கையில் வைத்தான்.

"என்னா தம்பி இது?" என்றார் கௌஸ் முகம்மது.

"முதல் கை எங்களுக்கு இல்லண்ணே. நாங்க நியாயமாத் தோக்கல."

"யாரு என்ன செஞ்சா?"

"எங்க ஆளு ஒருத்தரு செஞ்சாரு. அதுக்கு மேல கேக்காதீங்கண்ணே. நான் கேப்டன் சொல்றேன்."

இஸ்ரவேலின் பெயரை அவன் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை, எல்லாரும் இஸ்ரவேலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏழாம் பிளாக் கொதித்தது. கிடைத்த தங்கத்தை இஸ்ரவேல் தெருவில் போட்டுவிட்டான் என்றார்கள். செய்கு பாய் ஒரு மாதம் அவனுக்கு அடிச்சட்டிச் சோறுதான் வைத்தார். சோலைமுத்து மட்டும் அன்றைக்குப் பக்கத்தில் வந்து, "அண்ணே, என்ன பண்ணுனீங்கன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கவும் வேணாம்," என்று சொல்லிவிட்டுப் போனான். டெனிஷ் நான்காம் பிளாக்குக்குப் போனான்.

கூட்டம் கலைந்தபின் குழாயடியில் துரை கால் கழுவிக்கொண்டிருந்தான். இஸ்ரவேல் போய்ப் பக்கத்தில் நின்றான். என்னென்னவோ சொல்ல நினைத்திருந்தான். துரையே பேசினான், தண்ணீரைப் பார்த்தபடி.

"அப்ப காது நல்லாத்தான் இருக்கு."

"நல்லா இருக்கு துர."

"சரிண்ணே."

குழாயை மூடிவிட்டுப் போய்விட்டான். ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால் இஸ்ரவேல் அன்றைக்குத் தூங்கியிருப்பான்.

கிளினிக்கில் காது சுத்தம், கண் இல்லை என்று எழுதினார்கள். இஸ்ரவேலும் கேபினுக்குப் போய், சோதனை அன்று பின்னால் நின்று தட்டியது நான்தான் என்று சொன்னான். கலீல் ரஹ்மான் அவனுக்கு ஒரு வார்னிங் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். துரையைப் பற்றி மட்டும், மாட்டிக்கொண்டபின் அழுகிறவர்களைத்தான் பார்த்திருக்கிறேன், தானாக வந்து சொன்னவன் இவன் ஒருத்தன், இவனை அனுப்பமாட்டேன் என்று மேலே பேசி, யார்டிலேயே வேலை போட்டுக் கொடுத்தார். வேலை தங்கியது. உயரத்துக் கூலியும் ஓவர்டைமும் போயிற்று. ஊரில் நாகவள்ளி ஒரு செலவைக் குறைத்துக்கொண்டாள். எந்தச் செலவு என்று துரை சொல்லவில்லை, இஸ்ரவேலுக்குக் கேட்கத் தைரியம் வரவில்லை.

அடுத்த குளிர் வந்தது. முதல் ஆட்டம், பாருங்கள், நான்காம் பிளாக்கோடுதான். இஸ்ரவேல் டப்பாவோடு வந்தான், ஆனால் கம்பத்துக்குப் பின்னால் போகவில்லை. தூரத்தில் கார்னர் பக்கம் ஒதுங்கி நின்றான். துரை கையுறையை மாட்டிக்கொண்டே பார்த்தான்.

"அங்க நின்னா எனக்கு எப்படிண்ணே கேக்கும்?" என்றான்.

இஸ்ரவேல் பழைய இடத்துக்கு வந்து நின்றான். டெனிஷ் இடது ஓரமாகப் பந்தோடு பறந்து வந்தான். டண், டண். கை இற்றுப்போகிற மாதிரி ஓங்கி இரண்டு அடி. துரைக்குக் கேட்டது. கேட்டும் பாயவில்லை. ஒரு கணம் தோளுக்கு மேலே தலையைத் திருப்பி இஸ்ரவேலைப் பார்த்தான். உண்மையான அடிதானா என்று பார்த்தான். பார்த்துவிட்டுத்தான் பாய்ந்தான். அந்த ஒரு கணத்தில் பந்து உள்ளே போய்விட்டது.

வேண்டுமென்று செய்ததில்லை அது. அவன் கழுத்து தானாகத் திரும்பியது. அந்த சீசன் முழுக்க அப்படித்தான். இஸ்ரவேல் ஒவ்வொரு பந்துக்கும் அடிப்பான், துரை ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்துவிட்டுப் பாய்வான். அந்த அரை நொடியில் ஏழாம் பிளாக் தோற்றுக்கொண்டே போயிற்று. யாரும் திட்டம் போடவில்லை, யாரும் வெங்காயம் உரித்துக்கொண்டு விவாதிக்கவில்லை. உண்மையாகவே, நியாயமாகவே, கடைசி இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். "இதுக்குத்தான் அன்னைக்கு அவ்வளவு பேச்சா," என்று சோலைமுத்து தலையில் அடித்துக்கொண்டான்.

கடைசி ஆட்டத்தில், ஏற்கெனவே மூன்று கோல் வாங்கி எல்லாம் முடிந்துபோன நேரத்தில், ஒரு பந்து இடது பக்கத்திலிருந்து தாழ்வாக வந்தது. இஸ்ரவேல் அடித்தான். டண், டண். இரண்டாவது அடி அடங்குவதற்குள் துரை மணலில் நீளமாக விழுந்து கிடந்தான். பந்து மார்புக்கடியில் இருந்தது.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

மறந்துபோய்ப் பாய்ந்தானா, மன்னித்துப் பாய்ந்தானா என்று இஸ்ரவேல் கேட்கவில்லை. கேட்கிற உரிமை தனக்கு இல்லை என்று அவனுக்குத் தெரியும். டப்பாவைக் கீழே வைத்து, நசுங்கிப்போன அதன் அடிப்பாகத்தைக் கையால் தடவிக்கொண்டு நின்றான். கண்ணில் மணல் விழுந்தது என்று பக்கத்தில் நின்றவனிடம் சொன்னான். அன்றைக்குக் காற்றே இல்லை.

அவ்வளவுதான் மக்களே. நேரமாயிற்று, எழுந்து வீட்டுக்குப் போங்கள். உங்கள் வீட்டில் முன்னால் நிற்கிறவருக்குப் பின்னால் ஒரு கை இருக்கட்டும். அந்தக் கை ஒருநாளும் வேண்டுமென்று ஓயாதிருக்கட்டும். தூர தேசத்தில் உங்கள் ஆட்கள் உயரத்தில் ஏறியிருந்தால் பத்திரமாக இறங்கி வரட்டும். உங்கள் பிள்ளைகளுக்கு, திரும்பிப் பார்க்காமல் பாய்கிற நம்பிக்கையைக் கொடுக்கிற துணைகள் வாய்க்கட்டும். உங்கள் அடுப்பு அணையாமல், கதவு அடைபடாமல், குடும்பம் குறைவில்லாமல் நிறைந்து இருக்கட்டும்.